பிணையாக ஒரு விமானம்

கரடிப்போக்குச் சந்திக்குக் கொஞ்சம் இங்காலே,
கோழித்தீன் கடைக்கும் போன் திருத்துமிடத்துக்கும் நடுவில்
என் அலுவலகம்.
ஒரு மேசை, மூன்று கதிரை, சுவரில் உலகம்.
மேசையில் ஒரு பிளாஸ்டிக் விமானம்.
ஒரு வருடத்தில் நூற்றிருபது சீட்டு விற்றதற்கு
கம்பனி கொழும்புக்குக் கூப்பிட்டுத் தந்தது.
ஏசி மண்டபம், இறால் பொரியல், கைதட்டல்.
கார்குழலி என்ற என் பேரை
மூன்று துண்டாய் உடைத்து வாசித்தார்கள்.

அந்தக் கம்பனிதான்
கிழமைக்கு ஏழு பறப்பை மூன்றாக்கி,
மூன்றை ஒன்றாக்கி,
அந்த ஒன்றையும்
'மறு அறிவித்தல் வரை' இறக்கி வைத்தது.

காரணங்கள் மின்னஞ்சலில் வந்தன.
டொலர் இல்லை.
கட்டுநாயக்காவில் எண்ணெய் இல்லை,
தாங்கி நிரப்பவே சென்னைக்குப் பறக்க வேண்டியிருக்கிறது.
(பரந்தன் ஷெட்டில் வரிசைக்கு நிற்க
இருந்த பெற்றோலை எரித்துப் போனவர்களுக்கு
இது விளங்கும்.)
தவணை கட்டாததால் இரண்டு விமானங்களை
லீசிங்காரர் மீட்டுக்கொண்டார்கள்.
லீசிங்காரன் விடியக்காலையில் வந்து
முற்றத்து ஓட்டோவை இழுத்துப் போவதை
எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.
விமானத்தையும் அப்படித்தான் இழுப்பார்கள் என்று
எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

விசுவமடுவிலிருந்து பூலோகசிங்கம் வந்தார்.
சைக்கிளில்.
சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது.
உரமில்லாத போகத்துக்கு லாண்ட்மாஸ்ரர் எதற்கென்று
அதை விற்று மகனுக்குச் சீட்டெடுத்தவர்.
கட்டாரில் வேலை. பதினெட்டாம் திகதியோடு விசா முடிகிறது.

"பறப்பு ரத்து, ஐயா."
"அப்ப காசு?"
"கம்பனி தந்தால் நான் தருவன்."
"எப்ப தரும்?"
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.
எழுத்துக்கூட்டி இரண்டுமுறை வாசித்தார்.

"அந்த நாளையில வரவேண்டாம் எண்டு கும்பிட்டம்,
ஒருநாளும் பிந்தாமல் வந்தது.
இப்ப காசு கட்டிக் கூப்பிடுறம், பிள்ளை."

அவர் சிரிக்கவில்லை.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அதை மறைக்க விசைப்பலகையில்
எதையோ தட்டினேன்.

கடன்காரர் முன்னும் வந்திருக்கிறார்கள்.
கத்தினார்கள், ஒருத்தர் கதவை உதைத்தார்,
ஒரு பெண் ஒன்றும் பேசாமல் மத்தியானம்வரை இருந்துவிட்டு
பஸ்ஸுக்குக் காசு கேட்டாள்.
பூலோகசிங்கம் எழும்பினார்,
மேசையிலிருந்த விமானத்தைத் தூக்கினார்,
வயிற்றுப்பக்கம் துடைத்தார்.
"காசு வருமட்டும் இது என்னட்ட நிக்கட்டும்."

நான் மறிக்கவில்லை.
கரியரில் வைத்து ரியூப் வாரால் கட்டி
பரந்தன் பக்கம் மிதித்தார்.
அந்தக் கிழமை எங்கள் கம்பனியில்
கிளம்பியது அது ஒன்றுதான்.

மேசையில் அது நின்ற இடம் மட்டும்
தூசு படியாமல், வால் வரைக்கும் தெரிந்தது.
நெடுநாள் அதில் ஒன்றும் வைக்கவில்லை.
பிறகு காசோலைப் புத்தகத்தை வைத்தேன்.

பதினொரு மாதம்.
கம்பனி பேரை மாற்றியது, வாலில் நிறத்தை மாற்றியது,
'புதிய சிறகுகள்' என்று ஒரு கடிதம் போட்டது.
காசும் வந்தது,
நிர்வாகக் கட்டணம் கழித்து, வங்கிக் கட்டணம் கழித்து.
அந்தக் காசுக்கு இப்போது
லாண்ட்மாஸ்ரரின் பாதியும் வராது.
மகன் மணல் டிப்பரில் ஏறி ஆறு மாதமாம்.

அழைத்துச் சொன்னேன்.
கழித்த கணக்கையும் மறைக்காமல் சொன்னேன்.
வசவுக்குக் காத்திருந்தேன்.
அங்கே கோழிகள் கொக்கரித்தன,
யாரோ வாளியை நிலத்தில் வைத்தார்கள்.

"பிள்ளை,
பேரன் விளையாடி ஒரு செட்டை உடைஞ்சுபோச்சு.
அதுக்கு எவ்வளவு கழிக்கப்போறியள்?"